மழை ஊரில் ஜிம் கருவிகளைச் சுத்தமாக வைப்பது எப்படி?

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை பக்கம் ஜிம் நடத்துபவர்களுக்கு வியர்வை பாதித் தொல்லை, காற்றின் ஈரம் மீதித் தொல்லை. குமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும். துடைத்த பெஞ்ச் தானாகக் காயட்டும் என்று விட்டால் ரெக்சினின் தையலில் பூஞ்சை பிடிக்கும், பாரில் துரு ஏறும். அதனால் இங்கே வேலை மூன்று: முதலில் அழுக்கை எடுக்க வேண்டும், பிறகு கிருமியைக் கொல்ல வேண்டும், கடைசியில் ஈரத்தை ஒட்டத் துடைக்க வேண்டும்.

வாங்க வேண்டியவை

பாத்திரம் கழுவும் திரவம், பென்சால்கோனியம் குளோரைடு கலந்த கிருமிநாசினி, இரண்டு ஸ்ப்ரே பாட்டில், நைலான் பிரஷ், தையல் மெஷின் எண்ணெய், மூன்று நிறத்தில் மைக்ரோஃபைபர் துணி. நீலம் பெஞ்சுக்கு, மஞ்சள் மெஷினுக்கு, சிவப்பு தரைக்கு என்று ஒருமுறை முடிவு செய்துவிட்டால் மாற்றாதீர்கள். பழைய பருத்தி வேட்டித் துணி போதாதா என்று கேட்பார்கள். போதாது. இந்த வகைக் கிருமிநாசினியைப் பருத்தி தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். பெஞ்சில் படுவது வெறும் தண்ணீர் மாதிரிதான்.

பெஞ்ச்

தலை வைக்கும் பகுதியை விரலால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுவென்று இருக்கும். நம் ஊரில் தலைக்கு வெளிச்செண்ணெய் (தேங்காய் எண்ணெய்) தேய்க்காதவர் குறைவு. அந்த எண்ணெயும் வியர்வையும் தூசியும் சேர்ந்து ரெக்சின் மேல் ஒரு படலமாக ஒட்டியிருக்கும். அதன் மேல் கிருமிநாசினி அடித்தால் மருந்து படலத்தோடு நின்றுவிடும், அடியில் இருக்கும் கிருமியைத் தொடாது.

1. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி, அதாவது ஒரு டீஸ்பூன் பாத்திரத் திரவம் கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து தேய்க்கவும். தையல் ஓரத்துக்கு நைலான் பிரஷ்.

2. வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் சோப்பை முழுக்க எடுக்கவும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சோப்பு மிச்சமிருந்தால் பென்சால்கோனியம் வேலை செய்யாது.

3. லேபிளில் சொன்ன அளவில் கிருமிநாசினியைக் கலந்து அடித்து, அதில் போட்டிருக்கும் நேரம் வரை ஈரமாகவே விடவும். பல தயாரிப்புகளுக்கு இது 10 நிமிடம். அடித்த கையோடு துடைத்தால் செலவழித்த காசு துணியில் போகும்.

4. உலர்ந்த துணியால் ஒட்டத் துடைத்து ஃபேனைப் போடவும்.

இது கடை மூடும்போது தினமும். இடையில், ஒவ்வொருவரும் எழுந்ததும் துடைத்துவிட்டு, படுப்பதற்குத் தன் துண்டை விரிக்கட்டும். படர்தாமரை பரவும் வழிகளில் இந்தப் பெஞ்சும் ஒன்று.

ரெக்சின் கிழிந்திருந்தால் மேலே சொன்னது எதுவும் பலிக்காது. வியர்வை உள்ளே ஸ்பாஞ்சில் இறங்கிவிடும், அதை வெளியிலிருந்து கழுவ முடியாது. டேப் ஒட்டி ஒப்பேற்றாமல், ஆட்டோ சீட் தைக்கும் கடையில் கொடுத்து உறை மாற்றுங்கள். ஸ்பாஞ்ச் நாறினால் அதையும்.

பார், டம்பெல்

பிளீச்சிங் திரவம் இங்கே வேண்டாம், இரும்பை அரிக்கும். பாரில் கைப்பிடிக்கும் சொரசொரப்புக்குள், வழுக்காமலிருக்கக் கையில் பூசும் சாக்குத்தூளும் (chalk) தோலும் அடைந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும், துரு அங்கேதான் தொடங்கும். வாரம் ஒருமுறை காய்ந்த நைலான் பிரஷால் தேய்த்து உதறவும். இரும்புக் கம்பி பிரஷ் மேல்பூச்சைச் சுரண்டிவிடும். பிறகு துணியில் தையல் மெஷின் எண்ணெய் நான்கைந்து சொட்டு விட்டு முழுப் பாரையும் தடவி, 10 நிமிடம் கழித்துக் கை வழுக்காத அளவுக்குத் துடைக்கவும். மழைக்காலத்தில் வாரம் இருமுறை. வீட்டில் இருக்கிறதே என்று வெளிச்செண்ணெய் தடவினால் சிக்கு வாடை வரும், தூசியும் ஒட்டும்.

டிரெட்மில்

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் தொட வேண்டும். திரையில் நேராக ஸ்ப்ரே அடிக்காதீர்கள், பட்டன் இடுக்கு வழியாகச் சர்க்யூட்டுக்குள் இறங்கும். துணியில் அடித்துத் துடையுங்கள். பெல்ட்டுக்கு அடியில் சிலிக்கான் எண்ணெய் மட்டும், அதுவும் கம்பெனி கையேடு சொன்னால்தான்.

தரை

முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். சிமென்ட், டைல்ஸ் தரைக்கு 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் (பிளீச்சிங் திரவம்) 20 மில்லி, தண்ணீர் 980 மில்லி. அன்றன்று கலக்க வேண்டும், வைத்தால் வீரியம் குறையும். கழிவறை ஆசிட்டோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சுக்கே ஆபத்து; இரண்டையும் ஒரே அலமாரியில் கூட வைக்காதீர்கள்.

ரப்பர் மேட்டுக்குப் பிளீச்சிங் வேண்டாம், சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணி போதும். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை ஓரத்து மேட்டைத் தூக்கிப் பாருங்கள். அடியில் தண்ணீர் கோர்த்திருந்தால் முழுவதையும் எடுத்துச் சுவரில் சாய்த்து, தரையும் மேட்டும் காய்ந்த பிறகு விரியுங்கள்.