உவமையாக வரும் வாதத்தைப் படிப்பது எப்படி?

மெய்யியலில் உவமை வந்தால் உடனே பென்சிலை எடுத்துவிடுவேன். எந்தப் பண்பை இங்கிருந்து அங்கே கொண்டுபோகிறார்கள் என்று ஓரத்தில் ஒரே வரியில் எழுதுங்கள். 1802இல் ஆங்கில இறையியலாளர் வில்லியம் பேலி கடிகாரத்தைக் காட்டி, அதைச் செய்தவர் ஒருவர் இருப்பதுபோல இயற்கைக்கும் ஒரு வடிவமைப்பாளர் உண்டு என்றார். கடிகாரத்திலிருந்து இயற்கைக்குப் போகும் பண்பு, பாகங்கள் ஒரு நோக்கத்துக்காகப் பொருந்தியிருப்பது மட்டுமே.

அடுத்த படியில்தான் நிதானம் வேண்டும். இரு பக்கமும் அந்தப் பண்புக்குக் காரணம் ஒன்றுதானா? கடிகாரம் செய்வதைப் பார்த்திருக்கிறோம். உலகம் உருவாவதை யார் பார்த்தார்கள்? மெய்யியலாளர் டேவிட் ஹியூமின் இந்த வகை மறுப்பு, அவர் இறந்தபின், 1779லேயே அச்சாகிவிட்டது. எனக்கு அது இன்றும் வலுவாகவே படுகிறது.

மூல நூலையும் விடாதீர்கள். 1859இல் டார்வின் கிளப்பிய பரிணாமச் சர்ச்சையைப் பேலியின் வாயில் திணிக்க வேண்டாம். கண்ணைப் பற்றி பேலி விரிவாக எழுதிய பக்கங்களைப் படித்த பிறகே மறுப்பு எழுதுங்கள்.