பேய்ப்படம் பார்த்துவிட்டு நாலு வரி எழுதுவது எப்படி?

"படம் எப்படி?" என்று கேட்டால் சென்னையில் பெரும்பாலும் மூன்று பதில்களில் ஒன்றுதான் வரும். "ஒரு தடவை பார்க்கலாம்", "ஃபர்ஸ்ட் ஹாஃப் ஓகே, செகண்ட் ஹாஃப் லேக்", இல்லையென்றால் "மொக்கை". மசாலாப் படத்துக்கு இது ஓரளவு போதும். பேய்ப்படத்துக்குப் போதாது. டிக்கெட் போடலாமா என்று யோசிப்பவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: பயமாக இருக்குமா, இருந்தால் எந்த மாதிரி பயம்? இதைச் சொல்லாமல் ஒளிப்பதிவு, எடிட்டிங், கலை இயக்கம் என்று எவ்வளவு நீட்டினாலும் கேட்டவருக்கு விடை கிடைக்காது.

இதுவரை எதுவும் எழுதிப் பழகாதவர்கள், பார்த்த படத்தைப் பற்றி நண்பர்களுக்கு உருப்படியாக நாலு வரி அனுப்ப நினைப்பவர்கள், இவர்களுக்காகத்தான் இது.

படி 1: போவதற்கு முன்

டிரெய்லர் பார்க்காதீர்கள். பேய்ப்பட டிரெய்லரில் படத்தின் நல்ல அதிர்ச்சிகளை எல்லாம் வரிசையாக அடுக்கிவிடுகிறார்கள். பிறகு தியேட்டரில் உட்கார்ந்து "இன்னும் அந்தக் கிணற்று சீன் வரலையே" என்று எண்ணிக்கொண்டிருப்போம்.

தணிக்கைச் சான்றிதழை மட்டும் பார்த்து வையுங்கள். 2024 முதல் யு/ஏ என்பது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. ஏ என்றால் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். நீங்கள் எழுதியதைப் படிக்கிற யாராவது ஒருவர் "பசங்களைக் கூட்டிட்டுப் போலாமா?" என்று கேட்கத்தான் போகிறார்.

படி 2: பார்க்கும்போது

போனை எடுக்காதீர்கள். குறிப்பெடுக்கக்கூட வேண்டாம். இருட்டுக் காட்சியில் ஒரு திரை வெளிச்சம் பின்வரிசை முழுவதையும் கெடுத்துவிடும். மனதில் இரண்டு இடங்களை மட்டும் பிடித்து வைத்தால் போதும்: உங்கள் உடம்பு தானாக அசைந்த இடம், உங்கள் கவனம் எங்கோ போன இடம். இடைவேளையில் பாப்கார்ன் வரிசையில் நிற்கும்போது முதல் பாதிக்கு உரியதைப் போனில் தட்டிக்கொள்ளலாம்.

இடைவேளை நம்முடைய படங்களுக்கே உரிய விஷயம், அதைக் கவனித்து எழுதுங்கள். நம் இயக்குநர்கள் பெரிய அடியை இடைவேளைக்கு என்று எடுத்து வைப்பார்கள். விளக்கு எரிந்து, சமோசா சாப்பிட்டு, பக்கத்து சீட்காரரோடு பேசிவிட்டுத் திரும்பும் நம்மை மறுபடி அந்த மனநிலைக்குப் படம் கொண்டுவருகிறதா? இங்கேதான் பல படங்கள் விழுகின்றன. முதல் பாதி முழுக்கக் கேள்வி, இரண்டாம் பாதியில் ஒரு ஃப்ளாஷ்பேக். பேய்க்கு ஒரு சோகக் கதை கிடைக்கிறது, நமக்கும் அதன் மேல் பரிதாபம் வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அது யாரைக் கொன்றாலும் கைதட்டுவோமே தவிர பயப்பட மாட்டோம். அந்த நிமிடத்திலிருந்து நாம் பார்ப்பது பழிவாங்கும் படம். அது குறை என்று நான் சொல்லவில்லை. ஆனால் மாற்றம் எங்கே நடந்தது என்று எழுதினால், "செகண்ட் ஹாஃப் லேக்" என்பதைவிட ஆயிரம் மடங்கு தெளிவு.

படி 3: பயத்தைத் தரம் பிரிப்பது

இதுதான் முக்கியமான வேலை. மற்ற படிகளில் அவசரப்பட்டாலும் இதில் நிதானமாக இருங்கள்.

முதல் வகை, திடுக்கிடல். அமைதி, அமைதி, டமார். ஜம்ப் ஸ்கேர் என்று எல்லோரும் சொல்வது. ரொம்பப் பழைய வித்தை. 1942-இல் வந்த 'கேட் பீப்பிள்' என்ற அமெரிக்கப் படத்தில் ஒரு பெண் இரவில் தனியாக நடந்து போவாள், யாரோ பின்தொடர்வதாக அவளுக்குத் தோன்றும், நாமும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் சீறிக்கொண்டு வந்து நிற்பது வெறும் பஸ். எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் பூனை, கதவு, பால்காரர் என்று ஆள் மாற்றி அதையே செய்கிறார்கள். திடுக்கிட வைப்பது கேவலமில்லை. ஆனால் அந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஏதாவது இருந்ததா, வெறும் ஏமாற்றா என்று எழுதுங்கள்.

இரண்டாவது, பதைப்பு. எதுவும் நடக்காது, ஆனால் நடக்கப்போகிறது என்று நமக்குத் தெரியும். பாத்திரத்துக்குத் தெரியாது. மூன்றாவது, அருவருப்பு: ரத்தம், புழு, அழுகல். இதைத் தாங்க முடியாதவர்கள் நிறையப் பேர் உண்டு, கட்டாயம் குறிப்பிட வேண்டும்.

நான்காவதுதான் எனக்குப் பிடித்தது: நம்மோடு வீட்டுக்கு வந்துவிடும் பயம். 2009-இல் வந்த 'ஈரம்' தண்ணீரையே பேயின் வருகைக்கு அடையாளமாக வைத்தது. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருந்து பழகிய ஊர் இது. குழாயில் தண்ணீர் வரும் சத்தம் இங்கே சந்தோஷம். அதைக் கேட்டுத் திரும்பிப் பார்க்க வைத்தது அந்தப் படம். இப்படி எந்தச் சாதாரணப் பொருளைப் படம் உங்களிடமிருந்து பறித்தது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டால் பாதி விமர்சனம் முடிந்தது.

ஒரு சின்னச் சோதனை. ஓடிடியில் பார்த்தால் உங்களைப் பயமுறுத்திய காட்சியை மியூட்டில் வைத்து மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் வயிற்றைப் பிசைந்தால் பயம் காட்சியில் இருக்கிறது. சப்பென்று ஆகிவிட்டால் பாராட்டு ஒலி வடிவமைத்தவருக்கும் பின்னணி இசைக்காரருக்கும் போக வேண்டும். "பிஜிஎம் மிரட்டல்" என்று எல்லாப் படத்துக்கும் எழுதுவதை இந்தச் சோதனைக்குப் பிறகு நிறுத்திவிடுவீர்கள்.

படி 4: படம் வேறு, பார்த்த இடம் வேறு

கோயம்பேடு ரோகிணி தியேட்டரில் முதல் நாள் பார்த்தவரும், ராயப்பேட்டை சத்யத்தில் செவ்வாய்க்கிழமை காலைக் காட்சி பார்த்தவரும் ஒரே படத்தைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. பேய் வரும் முன்பே நாலு பேர் அலறி, பத்துப் பேர் விசில் அடித்து, ஒருத்தர் "டேய் பின்னாடி பாருடா" என்று ஹீரோவுக்கு யோசனை சொன்னால் பதைப்பு எல்லாம் கொண்டாட்டமாகிவிடும். சிரிப்புப் பேய்ப்படத்துக்கு அது வரம், அமைதியை நம்பி எடுத்த படத்துக்குச் சாபம். டிசம்பரில் நடக்கும் சர்வதேசத் திரைப்பட விழாவில் ஒரு வெளிநாட்டுப் பேய்ப்படத்துக்குப் போய்ப் பாருங்கள், வித்தியாசம் புரியும்.

அதனால் எங்கே, எந்தக் காட்சி, எந்த மொழியில் என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். 2024-இல் வந்த மலையாளப் படம் 'பிரமயுகம்' முழுக்கக் கறுப்பு வெள்ளை. மதிய வெயிலில் மின்சார ரயிலில் போனில் பார்த்துவிட்டு "ஒண்ணுமே தெரியல" என்று எழுதினால் அது படத்தின் மேல் உள்ள குற்றமாகாது. டப்பிங்கில் பார்த்தாலும் சொல்லுங்கள். காதோரம் கிசுகிசுக்க வேண்டிய குரல் டப்பிங்கில் மேடைப்பேச்சாக மாறிவிடுவதுண்டு.

இன்னொன்று, உள்ளூர்ப் பயம். 'டிமான்ட்டி காலனி' 2015-இல் வந்தபோது சென்னை ஆழ்வார்பேட்டையில் அதே பெயரில் இருக்கும் தெருவைத் தாண்டிப் போய்ப் பழகியவர்களுக்கு இருந்த கூடுதல் நடுக்கம் மதுரைக்காரருக்கு இருந்திருக்காது. உங்கள் பயத்தில் எவ்வளவு ஊர்ப்பாசம் என்று ஒளிக்காமல் எழுதுங்கள்.

படி 5: கதை

இரண்டு வரி. முதல் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடுவதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். "கடைசியில ஒரு ட்விஸ்ட் இருக்கு, சொல்ல மாட்டேன்" என்பதும் ஸ்பாய்லர்தான். படிப்பவர் முதல் காட்சியிலிருந்தே எல்லோரையும் சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவார்.

படி 6: எழுதிப் பார்ப்போம்

சமீபத்தில் மறுபடி பார்த்த ஒரு படத்தையே எடுத்துக்கொள்கிறேன். வழக்கமாக எழுதுவது இப்படி இருக்கும்:

"யாவரும் நலம் செம படம். மாதவன் நடிப்பு வேற லெவல். பிஜிஎம் மிரட்டல். சீட் நுனியில உட்கார வெச்சுட்டாங்க. மிஸ் பண்ணாதீங்க."

படத்தின் பெயரையும் நடிகர் பெயரையும் மாற்றினால் எந்தப் படத்துக்கும் இது பொருந்தும். இப்போது இதே படத்துக்கு மேலே சொன்னபடி:

"2009-இல் வந்த யாவரும் நலம், வீட்டில், இரவில், ஹெட்போனோடு. ஒரு கூட்டுக்குடும்பம் புது ஃபிளாட்டுக்குக் குடிவருகிறது. வீட்டுப் பெண்கள் தினமும் பார்க்கும் சீரியலில் நடப்பது தன் வீட்டிலும் நடப்பதை மாதவன் கவனிக்கிறார். பேய் இருட்டு மூலையில் இல்லை, ஹாலில் எல்லோரும் கூடி உட்காரும் டிவிக்குள் இருக்கிறது என்பதுதான் படத்தின் பலம். அவர் தனியாக ஏறினால் மட்டும் நகராத லிஃப்ட் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அதில் ரத்தமும் இல்லை, அலறலும் இல்லை. பாட்டு வந்ததும் பயம் இறங்கிவிடுகிறது, மறுபடி ஏற நேரமெடுக்கிறது. மதியம் சீரியல் ஓடும் வீடாக இருந்தால் அம்மாவையும் உட்கார வைத்துப் பாருங்கள்."

இதில் மார்க் இல்லை, நட்சத்திரம் இல்லை. ஆனால் இந்தப் படம் நமக்குச் சரிப்படுமா என்று படிப்பவர் முடிவுசெய்ய முடியும். அன்றிரவே எழுதிவிடுங்கள். காலையில் பால் வாங்கப் போகும்போது பயம் பாதி கரைந்திருக்கும், வீராப்பு மட்டும் மிஞ்சும்.

படி 7: சிரிப்புப் பேய்கள்

நம் ஊரில் பேயும் காமெடியும் ஒன்றாகவே டிக்கெட் விற்கின்றன. அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு "பயமே இல்லை" என்று குறைசொல்வது இட்லிக்கடையில் போய் பிரியாணி இல்லையே என்று சண்டை போடுவதுதான். சிரித்தீர்களா, எந்த இடத்தில், உருவத்தையும் நிறத்தையும் கிண்டல் செய்ததற்கா, சூழ்நிலைக்கா? அதை எழுதுங்கள். சொல்லப்போனால் வேறு வகைப் படங்களுக்கும் இதே முறைதான். த்ரில்லர் என்றால் குற்றவாளியை எப்போது யூகித்தீர்கள், காதல் படம் என்றால் அந்த இருவரும் சேர வேண்டும் என்று எப்போது உங்களுக்கே தோன்றியது.

படி 8: அனுப்பிய பிறகு

"எனக்குச் சிரிப்புதான் ப்ரோ வந்துச்சு" என்று ஒருவர் நிச்சயம் பதில் போடுவார். சண்டைக்குப் போகாதீர்கள். எந்த சீனில் சிரிப்பு வந்தது, எங்கே பார்த்தீர்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் நீங்கள் நடுங்கிய அதே காட்சியைத்தான் சொல்வார். அந்தக் காட்சியைப் பற்றி இருவரும் பேச ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும் வரை பேச்சு ஓடும்.