மின்வெட்டில் நிலைகுலைந்த பவளத் தொட்டியை மீட்கும் முறை

மே மாத நள்ளிரவில் மின்சாரம் போய், இன்வெர்ட்டரும் ஓய்ந்துவிட்டால், சென்னையில் பெரம்பூரிலோ தண்டையார்பேட்டையிலோ ஒரு வீட்டுக் கூடத்தில் மீனும் பவளமும் வளரும் 80 லிட்டர் கடல்நீர்த் தொட்டி விடிவதற்குள் ஆபத்தான நிலைக்குப் போய்விடக்கூடும். மோட்டார் நின்றதும் நீரின் மேற்பரப்பு அசைவதில்லை. அசையாத நீரில் காற்றிலிருந்து ஆக்சிஜன் மிக மெதுவாகவே கரைகிறது. வெப்பம் ஏற ஏற நீர் தாங்கும் ஆக்சிஜனும் குறைகிறது. வெளிச்சம் இல்லாத இரவில் பவளங்களும் அதே ஆக்சிஜனைத்தான் உறிஞ்சுகின்றன. ஆகவே முதலில் காற்றையும், அடுத்து தண்ணீரையும், கடைசியாகவே பவளத்தையும் கவனிக்க வேண்டும்.

மின்சாரம் வரும் வரையில், ஒரு சுத்தமான மக்கில் தொட்டி நீரை மொண்டு அரை அடி உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றுவதே போதிய முதலுதவி. கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் கிடைக்கும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தால் கை வலி மிச்சமாகும். நீரின் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டியிருந்தால், மூடி இறுக்கிய பாட்டிலில் உறைந்த பனிக்கட்டியை மிதக்கவிட்டு, மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறங்காதபடி குளிர்விக்க வேண்டும். பனிக்கட்டியை நேரடியாகத் தொட்டியில் போட்டால் உப்பின் அளவு சரிந்துவிடும்.

மின்சாரம் வந்தவுடன் எல்லாச் சுவிட்சுகளையும் போட்டுவிடக் கூடாது. பிளக்குகளும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் நனையாமல் இருக்கின்றனவா என்று பார்த்தபின், முதலில் நீரை அலைபோல் அசைக்கும் வேவ்மேக்கரை மட்டும் ஓடவிடலாம். தொட்டிக்கு வெளியே மூடிய டப்பாவில் இயங்கும் கேனிஸ்டர் ஃபில்டர் இருந்தால் அதனுள் மணிக்கணக்கில் தேங்கிய நீரில் ஆக்சிஜன் தீர்ந்து, பாக்டீரியாக்கள் மடிந்திருக்கும்; அழுகிய முட்டை வாடை வீசும் அந்த நீரைக் கொட்டாமலும், உள்ளிருக்கும் பஞ்சை உப்பு நீரில் அலசாமலும் ஃபில்டரை இயக்கினால், தப்பிப் பிழைத்த மீன்களும் அதிலேயே போய்விடும்.

அடுத்து, இறந்தவற்றை எடுக்க வேண்டும். மீன் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பாறை இடுக்கில் செத்துக் கிடக்கும் நத்தைதான் நம்மை ஏமாற்றும். அசையாத நத்தையை எடுத்து முகர்ந்தால் விடை உடனே கிடைக்கும். பிறகு, அழுகியவற்றிலிருந்து நீரில் கலக்கும் நஞ்சான அம்மோனியாவைச் சோதிக்க வேண்டும். கடல்நீர்த் தொட்டியில் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 8.2ஐ ஒட்டியிருப்பதால், நன்னீர்த் தொட்டியைவிட இங்கே அதே அளவு அம்மோனியா அதிக நஞ்சாகிறது. எனவே அளவு பூஜ்யமாக இல்லையென்றால் கால் பங்கு நீரை மாற்றுவதுதான் நல்லது. அம்மோனியாவைப் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது உண்டாகும் நைட்ரைட் சற்றுத் தென்பட்டால் பதற்றம் தேவையில்லை. கடல்நீரிலுள்ள குளோரைடு அதன் நஞ்சைப் பெரிதும் தடுத்துவிடுகிறது.

புது நீரைத் தயாரிப்பதில்தான் அவசரம் அதிகம் கெடுக்கிறது. மீஞ்சூருக்கு அருகே 2010இல் கடல்நீரிலிருந்து உப்பைப் பிரித்து வடசென்னைக்குக் குடிநீர் தரத் தொடங்கினார்கள். அப்படி வந்த நீரில் நாம் மறுபடி உப்பைக் கரைக்கிறோம் என்பது வேடிக்கைதான். ஆனாலும் குழாய் நீரில் குளோரின் இருக்கும் என்பதால் ஆர்.ஓ. (சவ்வு வடிகட்டல்), டி.ஐ. (அயனி நீக்கம்) இரண்டையும் கடந்து, கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம் காட்டும் நீரையே பயன்படுத்த வேண்டும். 20 லிட்டருக்கு ஏறக்குறைய 700 முதல் 760 கிராம் வரை மெரைன் சால்ட் (தொட்டிக்கான கடல் உப்புக் கலவை) பிடிக்கும், உப்பின் செறிவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025 வரும் வரை சேர்த்து, சில மணி நேரம் பம்பினால் கலக்கி, தொட்டியின் வெப்பத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஊற்ற வேண்டும். காசிமேட்டுக் கடல் பக்கத்தில் இருக்கிறதே என்று குடத்தைத் தூக்க வேண்டாம். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே கப்பல்கள் மோதியபோதும், 2023 டிசம்பர் வெள்ளத்திலும் எண்ணெய் கலந்த கரையோர நீர் அது.

பாறைகளைத் தேய்த்துக் கழுவவும் கூடாது. அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் அவற்றில்தான் குடியிருக்கின்றன. கொதிக்க வைப்பது அதைவிட மோசம். பவளங்களுக்கு உறவான, பொத்தான் போன்ற சோவாந்தஸ் வகை உயிர்கள் ஒட்டியிருந்தால் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு ஆவியோடு கலந்து வீட்டிலிருப்பவர்களையே மருத்துவமனைக்கு அனுப்பிவிடும். கையுறை இல்லாமல் அவற்றைத் தொடவும் வேண்டாம்.

வெளுத்த பவளம் எல்லாம் செத்த பவளம் அல்ல. உள்ளே வாழும் பாசி வெளியேறியதால் நிறம் போயிருக்கலாம். வெண்மைக்கு மேல் மெல்லிய சதை பளபளத்தால் உயிர் இருக்கிறது, எலும்புக்கூடு வெறுமையாகச் சொரசொரத்தால் இல்லை. விளக்கைப் பாதியாகக் குறைத்து, இரண்டு வாரத்தில் படிப்படியாக ஏற்றினால் போதும். உணவும் குறைவாகவே இருக்கட்டும். இந்நாள்களில் சிவப்புச் சளி போன்ற படலம் படர்ந்தால் குழாயால் உறிஞ்சி எடுத்துவிடலாம். மருந்து ஊற்றச் சொல்லும் கடைக்காரர் யோசனையை நான் ஏற்பதில்லை. காலியான இடத்தை நிரப்ப, மன்னார் வளைகுடாவிலிருந்து வந்தது என்று யாராவது கல் பவளத்தை நீட்டினால் வாங்கக் கூடாது. கல் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அம்மோனியா தொடர்ந்து ஒரு மாதம் பூஜ்யத்தில் நிற்கும் வரை புதிய மீனும் வேண்டாம்.