முன் பிரேக் பஞ்சு மாதிரி அமுங்குகிறதா? ஸ்டீல் லைன் மாற்றும் விதம்

தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் விடியற்காலையில் குன்றக்குடி பக்கம் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும், பழனிக்கு நடக்கிறவர்கள் சாலை ஓரம் முழுக்க வந்துகொண்டே இருப்பார்கள், இருட்டில் சின்னப் பிள்ளைகளும் கூட நடப்பார்கள், நம் விரல் பிரேக் லீவரை விட்டு எடுபடாது. அப்படி ஒரு நாளில்தான் என் வண்டியின் முன் பிரேக் பஞ்சு மாதிரி அமுங்குவதைக் கவனித்தேன். பிரேக் பிடித்தது. ஆனால் எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு பிடிக்கும் என்ற கணக்கு கைக்குக் கிடைக்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

வண்டியோடு வரும் ரப்பர் ஹோஸ், லீவரை அழுத்தும்போது உள்ளே ஏறும் அழுத்தத்தில் கொஞ்சம் உப்பும். பழசாக ஆக இன்னும் உப்பும். சக்கரத்தின் டிஸ்கை இறுக்கிப் பிடிக்கும் கேலிப்பருக்குப் போக வேண்டிய தள்ளலில் ஒரு பங்கு ஹோஸை உப்ப வைப்பதிலேயே போய்விடும். ஸ்டீல் லைனில் உள்ளே டெஃப்லான் குழாய், அதன் மேல் துருப்பிடிக்காத கம்பிப் பின்னல், பின்னலுக்கு மேல் பிளாஸ்டிக் உறை. உப்ப இடமே இல்லை. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், லைன் மாற்றினால் மட்டும் வண்டி குறைந்த தூரத்தில் நின்றுவிடாது, அது டயரும், டிஸ்கை உரசும் பேடும் பார்க்கிற வேலை. நமக்குக் கிடைப்பது கையில் அளவு. எனக்கு அது போதும்.

காசு செலவழிக்கும் முன் பிரேக் ஆயிலைப் பாருங்கள். அது ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தரத்தில் வரும் புது ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 வரை இறங்கும். கொதித்தால் ஆவி, ஆவி வந்தால் லீவர் கைப்பிடி வரை போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்லிப் பல கம்பெனிகளின் கையேட்டிலேயே இருக்கிறது, ஆனால் வாங்கிய நாளிலிருந்து மாற்றாத வண்டிகள்தான் நம் ஊரில் அதிகம். ஆயில் டிகாஷன் நிறத்தில் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், பலருக்கு அதிலேயே தீர்ந்துவிடும். கேலிப்பர் நகர்வதற்கான பின்களையும் கழற்றிப் பாருங்கள். நம் செம்மண் புழுதி உள்ளே போய் இறுகிக் கிடக்கும்.

சரி, லைன் வாங்கலாம். மாடலும் வருடமும் சொல்லி செட்டாக வாங்குவது நல்லது. அளவு கொடுத்துச் செய்வதாக இருந்தால், முன் சக்கரம் தரையில் படாமல் தூக்கி நிறுத்தி, ஃபோர்க் அமுங்காமல் முழுக்க நீண்டு தொங்கும் நிலையில், ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி அளந்து, அதில் எது நீளமோ அதைக் கொடுங்கள். லைனின் இரண்டு முனையையும் மாட்டுகிற பேஞ்சோ போல்ட் 10 மில்லிமீட்டர்தான், ஆனால் மரையின் இடைவெளியில் 1.00, 1.25 மில்லிமீட்டர் என்று இரண்டு வகை உண்டு. மாற்றிப் போட்டால் முதலில் ஏறுவது போல ஏறி, அப்புறம் லீவர் பக்கத்து மாஸ்டர் சிலிண்டரின் மரையைத் தின்றுவிடும். அதனால் பழைய போல்ட்டைக் கையோடு கொண்டு போங்கள். ஒரு போல்ட்டுக்கு இரண்டு என்று நான்கு புது வாஷரும் வேண்டும். முன்பு ஒரு கடையில் என் வண்டிக்குப் பழைய வாஷரையே திருப்பிப் போட்டுவிட்டார்கள், திருமயம் தாண்டும்போது கையில் ஈரம் பட்டது, பார்த்தால் மேல் போல்ட்டிலிருந்து ஆயில் கசிகிறது.

ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டி என்றால் லைன் நடுவில் ஒரு யூனிட் வழியாகப் போகும். அதற்குள் காற்று சிக்கினால் சில வண்டிகளில் கம்பெனி கருவியை மாட்டித்தான் எடுக்க முடியும். அதை ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். இனி சொல்வது ஏபிஎஸ் இல்லாத, முன்னால் ஒரே டிஸ்க் உள்ள வண்டிக்கு.

டேங்க் மேல் பழைய துண்டைப் போட்டு மூடுங்கள், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும், பிரேக் ஆயில் பட்டால் பெயின்ட் உரியும், பட்டவுடன் கழுவ வேண்டும். வீட்டு முகப்பில் ஆத்தங்குடி கல் பதித்திருந்தால் தயவுசெய்து வாசலுக்கு வந்து செய்யுங்கள். பழைய ஹோஸ் போகும் வழியை போனில் படம் எடுங்கள். சிரிஞ்சால் லீவர் பக்கத்தில் உள்ள மேல் டப்பாவின் ஆயிலை உறிஞ்சிவிட்டு இரண்டு போல்ட்டையும் கழற்றுங்கள்.

புது லைனை லூசாக மாட்டி, ஹேண்டிலைத் திருப்பி, ஃபோர்க்கை அமுக்கிப் பார்த்து, எங்கும் இழுக்கவில்லை, உரசவில்லை என்று உறுதியான பிறகு முறுக்குங்கள். உறை தேய்ந்துவிட்டால் அந்தக் கம்பிப் பின்னல் அரம் மாதிரி, படுகிற இடத்தில் பெயின்ட்டோடு அலுமினியத்தையும் அறுக்கும். பேஞ்சோ போல்ட் உள்ளே துளை உள்ளது, பலத்தைக் காட்டினால் ஒடியும். சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச் (முறுக்கும் பலத்தை அளவு காட்டும் ஸ்பேனர்) வைத்து முறுக்குங்கள்.

அடுத்தது காற்று எடுப்பது, பொறுமை வேண்டிய இடம் இதுதான். காலி லைனில் மேலிருந்து பம்ப் அடித்தால் கை வலிக்கும், ஆயில் இறங்காது. நான் கீழிருந்துதான் ஏற்றுவேன். கேலிப்பரில் காற்றை வெளியேற்றும் நிப்பிளில் டியூப் மாட்டி, நிப்பிளைக் கொஞ்சம் திறந்து, சிரிஞ்சில் புது டாட் 4 நிரப்பி மெதுவாகத் தள்ளினால் காற்று தானாக மேலே ஏறி டப்பாவில் குமிழியாக வரும், வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் நிப்பிளை மூடிவிட்டு வழக்கமான முறை: லீவரை அழுத்திப் பிடி, நிப்பிளைத் திற, லீவர் கீழே போனதும் நிப்பிளை மூடு, அதற்குப் பிறகுதான் லீவரை விடு. டப்பாவில் ஆயில் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே இறங்கவே கூடாது. டியூபில் குமிழி வருவது நிற்கும் வரை செய்யுங்கள். மேல் போல்ட் பக்கம் சின்னக் குமிழி ஒட்டிக்கொள்ளும், ஸ்பேனர் பிடியால் லைனை லேசாகத் தட்டிவிடுங்கள். டப்பாவை மூடி, லீவரை அழுத்தி ரப்பரால் கட்டி, ராத்திரி முழுக்க விடுங்கள்.

காலையில் இரண்டு போல்ட்டிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றி, லீவரை ஒரு நிமிடம் இறுக்கிப் பிடியுங்கள். பேப்பர் நனையக் கூடாது, லீவர் மெல்ல இறங்கவும் கூடாது. முன் சக்கரம் தடையில்லாமல் சுற்றுகிறதா பாருங்கள். எல்லாம் சரியென்றால் முதலில் தெருவுக்குள் நடை வேகம், அப்புறம் 20, 30. பழைய பழக்கத்தில் பிடித்தால் இப்போது சீக்கிரமே கடிக்கும், மணல் கிடக்கும் திருப்பத்தில் சக்கரம் வழுக்கிவிடும், அதனால் ஆளில்லாத நேர் சாலையில் ஒரு மணி நேரமாவது பிடித்துப் பழகுங்கள். மறுநாள் இன்னொரு தடவை அந்த இரண்டு போல்ட்டையும் பேப்பர் வைத்துப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு மதுரையோ திருச்சியோ கிளம்புங்கள்.