பாதரசச் சுழற்சியைக் கணக்கிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாதரசம் காற்று, மண், நீர் என்று மாறிமாறிச் சுற்றுவதைத்தான் பாதரசச் சுழற்சி என்கிறோம். அதில் புதிதாக வேலை தொடங்குகிறவர்களின் வரைபடங்களைத் திருத்த உட்கார்ந்தால், ஒரு காலத்தில் நாங்கள் எல்லோரும் செய்த பிழைகளே திரும்ப வருகின்றன. அலகைத் தப்பாகப் போடுவது, கூட்டலில் சறுக்குவது எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும். கீழே உள்ளவை அப்படியல்ல.

மறு உமிழ்வை இயற்கையின் கணக்கில் எழுதுவது

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2013 மதிப்பீட்டின்படி, ஆண்டுதோறும் காற்றில் கலக்கும் பாதரசத்தில் சுமார் 30 சதவீதம் மனிதர்கள் அப்போது புதிதாக வெளியிடுவது. எரிமலை, பாறை போன்றவற்றின் பங்கு சுமார் 10. மீதி 60, ஏற்கெனவே படிந்தது மண்ணிலிருந்தும் கடலிலிருந்தும் மறுபடி ஆவியாவது; இதுதான் மறு உமிழ்வு.

ஒரு மாணவர் 10ஐயும் 60ஐயும் கூட்டி, '70 சதவீதம் இயற்கை' என்று ஸ்லைடு போட்டார். "கடலிலிருந்துதானே வருகிறது?" என்று வாதம் வேறு. சரி, கடலுக்குள் அது எப்படி வந்தது? எரித்த நிலக்கரி, தங்கத்தையும் வெள்ளியையும் பிரிக்கக் கொட்டிய பாதரசம் என்று நூற்றாண்டுகளாகச் சேர்ந்ததில் பெரும்பகுதி நம்முடையது. இது பழைய கடனின் வட்டி. கடன் வாங்கியவர் பெயரில்தான் எழுத வேண்டும். காற்றில் பாதரசத்தின் அளவு இயற்கை நிலையைவிடச் சுமார் 450 சதவீதம் உயர்ந்திருப்பதாக 2018 மதிப்பீடு சொல்கிறது. எழுபது சதவீதம் இயற்கை என்றால் இந்த உயர்வு எங்கிருந்து வந்தது?

அந்த ஸ்லைடு அப்படியே ஓர் அறிக்கைக்குள் போய்விட்டது. படித்த அதிகாரி, "இயற்கையே இவ்வளவு விடும்போது புகைபோக்கியில் வடிகட்டி எதற்கு?" என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை, கொடுத்த எண் அப்படி. ஆனால் உண்மை நேர்மாறு: இன்று தடுக்கும் ஒவ்வொரு டன்னும் நாளைய மறு உமிழ்வையும் சேர்த்தே குறைக்கிறது.

எல்லாமே உலகம் சுற்றும் என்று நினைப்பது

தனிமப் பாதரச ஆவி மாதக்கணக்கில் காற்றில் நிற்கும். ஆக்சிஜனேற்றம் அடைந்தது நீரில் எளிதில் கரையும் என்பதால் சில நாட்களிலேயே மழையோடு இறங்கிவிடும். இரண்டு வகையும் வெளியேறுவதால், ஒரே புகைபோக்கி பக்கத்து ஏரியையும் ஆர்க்டிக்கையும் சேர்த்தே கெடுக்கிறது.

மழையை மட்டும் அளப்பது

பாதரசம் மழையோடு மட்டும் மண்ணுக்கு வருவதில்லை. காடுகளில் இலைகள் பாதரச ஆவியை உறிஞ்சிச் சருகாக மண்ணில் சேர்க்கின்றன. சருகையும் அளக்க வேண்டும்.

மொத்தப் பாதரசத்தை வைத்து மீனைக் கணிப்பது

மீனில் பெருகுவது மெத்தில்பாதரசம் என்ற நச்சு வடிவம். அதை உருவாக்குவது ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள். மொத்த அளவு குறைவான சதுப்பு ஏரியிலும் மீன் மோசமாக இருக்கலாம்.

மினமாட்டாவைக் காற்றுப் பரவலுக்கு உதாரணம் காட்டுவது

மினமாட்டா, மீன் வழியாகப் பாதரச நஞ்சு மக்களைத் தாக்கிய ஜப்பானியக் கடலோர ஊர். அங்கே ஆலைக் கழிவுநீரில் மெத்தில்பாதரசம் நேராகவே கடலில் கலந்தது.

சாதாரண பாலித்தீன் புட்டியில் நீர் மாதிரி எடுப்பது

வேண்டாம். பாதரச ஆவி அதன் சுவரை ஊடுருவும். கண்ணாடி அல்லது டெஃப்ளான்.