லாரி ரேடியேட்டர் ஃபேன் நிற்காமல் ஓடுகிறதா? கிளட்சைக் கழற்றும் முன் இதைப் பாருங்கள்

இன்ஜின் சூடே ஆகவில்லை, ஃபேன் மட்டும் இரைந்துகொண்டே இருக்கிறது. டீசல் குடிக்கிறது, ஏற்றத்தில் இழுவையும் குறைகிறது. எடுத்தவுடனே ஃபேன் கிளட்சை (ஃபேனை இன்ஜினோடு பிடித்தும் விட்டும் வைக்கும் பாகம்) மாற்றச் சொல்பவர்கள் நிறைய. அவசரப்படாதீர்கள். காற்றோ கரண்டோ சிக்னலோ தடைப்பட்டால் ஃபேன் ஓடட்டும் என்றுதான் பெரும்பாலான லாரிகளில் அமைத்திருக்கிறார்கள். இன்ஜின் வெந்துபோவதைவிட அது மேல். ஆகவே எது தடைப்பட்டது என்று தேடுவதே வேலை.

முதலில், எது கோளாறே இல்லை என்று பார்த்துவிடுவோம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் டேங்கில் காற்று ஏறும்வரை ஃபேன் ஓடலாம். டிபிஎஃப் ரீஜென் (புகைக் குழாய் ஃபில்டரில் சேர்ந்த கரியை எரிப்பது) நடக்கும்போதும், சில வண்டிகளில் இன்ஜின் பிரேக் போடும்போதும் ஓடும். டாஷ்போர்டில் ஃபேன் ஸ்விட்ச் இருந்தால் அது ‘ஆட்டோ’வில் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், துடைக்கும்போது கை பட்டு மாறிவிடும்.

சரி, இனி வேலை. இன்ஜினை அணைத்து, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டுத்தான் ஃபேனைத் தொட வேண்டும்.

1. உங்கள் கிளட்ச் எந்த வகை? சிலவற்றில் ஸ்பிரிங் பிடிக்கும், காற்று வந்தால் விடும். சிலவற்றில் காற்று வந்தால் பிடிக்கும். பாகத்தின் எண்ணை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். காற்றுக் குழாயே இல்லாத, உள்ளே இருக்கும் கெட்டியான எண்ணெயால் பிடிக்கும் விஸ்கஸ் கிளட்ச் என்றால் அடுத்த படி உங்களுக்கு இல்லை.

2. ஸ்பிரிங் வகை என்றால் கிளட்சுக்குப் போகும் குழாயைக் கழற்றி, கம்ப்ரசர் காற்றை நேராகக் கொடுங்கள். அளவு அந்தக் கிளட்சுக்குச் சொன்னதைத் தாண்டக் கூடாது. ஃபேன் கையால் லேசாகச் சுற்றினால் கிளட்ச் நல்லது. உஸ்ஸென்று கசிந்தால் சீல் போய்விட்டது. காற்றால் பிடிக்கும் வகையில் இது தலைகீழ்: குழாயைக் கழற்றியதும் ஃபேன் விட வேண்டும், விடாவிட்டால் கிளட்ச்தான்.

3. ஸ்கேன் டூல் மாட்டுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் கூலன்ட், இன்டேக் காற்று, ஆயில் வெப்பநிலைகள் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் விலகினாலோ, மைனஸ் 40 என்று காட்டினாலோ அந்த சென்சாரையும் அதன் வயரையும் பிடியுங்கள். சென்சாரை நம்ப முடியாவிட்டால் ஈசிஎம் (இன்ஜின் கம்ப்யூட்டர்) ஃபேனை ஓட்டிவிடும். கோளாறு எண்ணை (கோட்) மட்டும் காட்டும் குட்டிக் கருவிகள் எனக்குப் பிடிக்காது. நேரடி அளவுகளைக் காட்டுவதையே வாங்குங்கள்.

4. ஏசி பிரஷர் ஸ்விட்ச். பலரும் வழுக்கும் இடம் இதுதான். ஏசி மேல் சந்தேகம் வந்தால் கனெக்டரைப் பிடுங்கிப் பார்ப்பது இயல்பு. ஆனால் பல லாரிகளில் இந்த ஸ்விட்ச் சாதாரணமாக மூடியே இருக்கும். அழுத்தம் ஏறினால் திறக்கும், திறந்தால் ஃபேன் ஓடும். பிடுங்கினாலும் திறந்ததாகத்தான் அர்த்தம். ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும், நீங்கள் ‘ஸ்விட்ச் நல்லது’ என்று அடுத்த இடத்துக்குப் போய்விடுவீர்கள். வயரிங் படத்தைப் பார்த்து, இரண்டு வயர் ஸ்விட்ச்தான் என்று உறுதியானபின், கனெக்டரின் இரு முனைகளையும் ஃபியூஸ் வைத்த வயரால் இணையுங்கள். மூன்று வயர் இருந்தால் அது பெரும்பாலும் சென்சார். அங்கே இணைக்கவே கூடாது. இணைத்ததும் நிற்கவில்லையே என்று பதறாதீர்கள். ஏசிக்காக ஓடத் தொடங்கிய ஃபேன் சில நிமிடம் ஓடும்படி ஈசிஎம்மில் நேரம் வைத்திருப்பார்கள். பொறுத்துப் பார்த்து, நின்றால் ஸ்விட்ச் கெட்டிருக்கலாம், அல்லது கேஸ் அதிகமாகியோ கண்டென்சர் தூசி அடைத்தோ உண்மையிலேயே அழுத்தம் ஏறியிருக்கலாம். சோதனை முடிந்ததும் அந்த வயரை எடுத்துவிடுங்கள். அதோடு ஓட்டினால் ஏசி அழுத்தம் ஏறினாலும் இந்த ஸ்விட்ச் ஃபேனை ஓட்டாது.

5. மிச்சம் சோலினாய்டும் (கிளட்சுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் கரண்ட் வால்வு) அதன் ஃபியூஸும். கரண்ட் வருகிறதா என்று மல்டிமீட்டரால் பாருங்கள். வயர் தோலைக் குத்தும் ஊசி வேண்டாம், பிறகு அங்கேயே துரு பிடிக்கும்.

பின்சேர்க்கை: புது சோலினாய்டு போட்டபின் ஃபேன் தலைகீழாக வேலை செய்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். கரண்ட் இல்லாதபோது திறந்திருப்பது, மூடியிருப்பது என இரு வகை உண்டு. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றே. பழையதன் எண்ணைப் பார்த்தே வாங்குங்கள். இன்னொன்று, காற்று வெளியேறும் சிறு துளையில் சேறு அடைத்தால் குழாயில் காற்று தேங்கிவிடும். காற்றால் பிடிக்கும் கிளட்ச் என்றால் ஃபேன் விடவே விடாது. சோலினாய்டை மாற்றும் முன் அந்தத் துளையைச் சுத்தம் செய்து பாருங்கள்.