ஸ்ப்ராக்கெட், டயர் மாற்றியபின் கிலோமீட்டர் கணக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெல் மூட்டை, பால் கேன் ஏற்றும் பைக்கில் இழுவை போதவில்லை என்றால், மெக்கானிக் முன் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல் சக்கரத்தில்) 14 பல்லைக் கழற்றி 13 பல் போட்டுவிடுவார். இழுவை கூடும். கிலோமீட்டர் தப்புமா? மீட்டர் எங்கிருந்து சுற்றை எண்ணுகிறது என்று பார்க்காமல் பதில் சொல்வதுதான் முதல் தவறு.

நடு ஸ்டாண்டில் நிறுத்தி, முதல் கியரில் பின் சக்கரத்தைச் சுழலவிடுங்கள். வேட்டி நுனி செயின் பக்கம் போகக் கூடாது. மீட்டர் அசையவில்லை என்றால் கணக்கு முன் சக்கரத்தில் இருக்கிறது. எத்தனை பல் மாற்றினாலும் கவலையில்லை. அசைந்தால் சென்சார் ஒயரைத் தொடர்ந்து போய்ப் பாருங்கள். பின் ஹப்பில் (சக்கர நடுவில்) முடிந்தால் பின் டயர் அளவு மட்டுமே பேசும். கியர்பாக்ஸ் பக்கம் முடிந்தால் பல் கணக்கும் சேரும்: 14÷13 = 1.077. நிஜத்தில் 100 கி.மீ. ஓடினால் மீட்டர் 107.7 காட்டும். அதற்கு 2 லிட்டர் பெட்ரோல் போயிருந்தால் உண்மையான மைலேஜ் 50. மீட்டரை நம்பினால் 53.8. "பல்லைக் குறைச்சதும் மைலேஜ் ஏறிடுச்சு" என்ற டீக்கடைப் பேச்சு பிறப்பது இங்கேதான்.

டயரைப் பெரிதாக்கினால் பிழை எதிர்ப்பக்கம் போகும். மீட்டர் எண்ணும் சக்கரத்தில் 2.75-18க்குப் பதில் 3.00-18 (அங்குலத்தில் டயர் அகலம், ரிம் விட்டம்) போட்டால், அளவுக் கணக்குப்படி சுற்றளவு 1,875 மி.மீ.யிலிருந்து 1,915 ஆகும், 100 கி.மீ.க்கு மீட்டர் 98க்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். ஆனால் டயரில் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். கம்பெனிக்குக் கம்பெனி அளவு கொஞ்சம் மாறும், ஆள் உட்கார்ந்தால் டயர் அமுங்கும். காற்றைச் சரியாக வைத்து, ஆள் உட்கார்ந்தபடி, நெல் காயவைக்கும் சிமெண்ட் களத்தில் டயரிலும் தரையிலும் சாக்பீஸ் கோடு போட்டு, நேராக 5 சுற்று உருட்டி, டேப்பில் அளந்து 5ஆல் வகுங்கள், அதுவே நிஜச் சுற்றளவு.

சரிபார்க்கும்போது வேக முள்ளோடு ஒப்பிடாதீர்கள். முள் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும்படியே செய்யப்படுகிறது. தூரத்தை ஒப்பிடுங்கள், அதுவும் 10 கி.மீ.க்குக் குறையாமல். 1 கி.மீ.யில் கடைசி இலக்கம் (0.1 கி.மீ.) ஒன்று பிசகினாலே 10% பிழை. தஞ்சாவூர்–நாகப்பட்டினம் சாலையில் கி.மீ. கல்லை வைத்துப் பார்ப்பதானால் பைபாஸ் குறுக்கிடாத பகுதியை எடுங்கள். வாய்க்கால் கரையில் போன் ஜி.பி.எஸ். வளைவுகளை வெட்டிக் குறைத்துச் சொல்லும்.

மீட்டர் கூட்டிக் காட்டினால் ஆயில் சற்று முன்னதாக மாற்றுவீர்கள், நஷ்டம் பணம்தான். குறைத்துக் காட்டினால் தேய்வது எஞ்சின்.

சேற்றுழவுக்கு டிராக்டரில் கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டினால் ஓடிய மணியை எண்ணும் மணி மீட்டர் மாறாது, அது எஞ்சினோடு ஓடுவது. பழைய மெக்கானிக்கல் மீட்டரில் ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்று) குறைந்தால் மணியும் மெதுவாகத்தான் ஏறும். மணிக் கணக்கில் வாடகை பேசுபவர்கள் அதைக் கவனிக்கவும்.